சீவுளியில் எஞ்சிய பெயர்கள்: பரம்பரைக் கருவியைப் புதுப்பித்தல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தொழிலாளரின் வரலாற்றை எழுத முற்படுவோர் முதலில் எதிர்நோக்கும் இடர்ப்பாடு சான்றுகளின் பற்றாக்குறையாகும். ஆட்சியாளருக்குச் சாசனங்கள் உள. வணிகருக்குக் கணக்கேடுகள் உள. நிலவுடைமையாளருக்கு உறுதிகளும் வழக்குப் பதிவுகளும் உள. மரவேலை செய்து வாழ்ந்த ஒருவனுக்கோ பிறப்பு, மணம், இறப்பு ஆகிய பதிவுகளுக்கு அப்பால் எழுத்துச் சான்று பெரும்பாலும் கிடைப்பதில்லை. அவன் செய்த கதவும் மேசையும் அவன் பெயரைத் தாங்கி நிற்பதில்லை. அவனது பெயரைத் தாங்கும் பொருள் ஒன்று உண்டெனின் அது அவனுடைய கருவியே. இங்கிலாந்திலும் வட அமெரிக்காவிலும் 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் செய்யப்பட்ட மரச் சீவுளிகளின் முன்முகத்தை நோக்குவோர் அங்கு செய்தவனின் முத்திரையையும், அதன் மேலும் கீழுமாக அதனை உடைமையாகக் கொண்டிருந்தோரின் முத்திரைகளையும் காண்பர். சிலவற்றில் மூன்று, நான்கு பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அறையப்பட்டிருக்கும்.

இத்தகைய சீவுளிகள் பாட்டனிடமிருந்து தந்தைக்கும் தந்தையிடமிருந்து மகனுக்கும் கைமாறி வந்தவை. மின்பொறிகள் மரவேலையைத் தம்வசப்படுத்திய பின்னர் அவை கொட்டில்களிலும் பெட்டிகளிலும் கறள் படிந்து கிடந்தன. கடந்த சில பத்தாண்டுகளாக வாரிசுகள் பலர் அவற்றை மீண்டும் வெளியே எடுத்து, துப்புரவாக்கி, தீட்டி, வேலைக்குரியனவாக்க முயன்று வருகின்றனர். முயற்சி வரவேற்கத்தக்கது. ஆயின் துப்புரவு என்னும் பெயரில் எதனை நீக்குவது, எதனை விட்டுவைப்பது என்னும் வினா இங்கு எழுகின்றது. சீவுளி தன்னுள் என்னென்ன செய்திகளைச் சுமந்து வந்துள்ளது என்பதை அறிந்தவனே இவ்வினாவுக்கு விடை கூறும் தகுதி உடையவன். ஆகவே புதுப்பித்தல் பற்றிப் பேசுமுன் கருவியின் வரலாற்றைச் சற்று விரிவாக நோக்குதல் அவசியமாகின்றது.

சீவுளி அல்லது இழைப்புளி என்பது அடிப்படையில் ஒரு கட்டைக்குள் அமர்த்தப்பட்ட உளியேயாகும். வெறும் கையில் பிடித்த உளி மரத்தினுள் எவ்வளவு ஆழம் செல்லும் என்பது பிடித்தவனின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. கட்டையின் அடித்தளத்துக்குக் கீழே மயிரிழையளவு மட்டும் நீட்டி நிற்கும் அலகோ அவ்வளவுக்கு மேல் வெட்டமாட்டாது. அடித்தளம் நேராயிருப்பின் மரமும் நேராகும். கையின் திறமையில் ஒரு பகுதியைக் கருவியின் வடிவத்துக்கு மாற்றியமைத்த இக்கண்டுபிடிப்பை றோமர் நன்கு அறிந்திருந்தனர். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலுள் புதையுண்ட பொம்பெயி நகரில் சீவுளிகள் கிடைத்துள்ளன. இங்கிலாந்தின் சில்செஸ்ரரில் 1890இல் றோமர் காலச் சீவுளியொன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. அதன் இரும்புப் பகுதி மண்ணில் எஞ்சியது. அதனுள் இருந்த மரம் மக்கிப் போயிற்று. இதற்கு நேர்மாறானது மேரி றோஸ் என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலின் கதை. 1545இல் மூழ்கி, 1982இல் மேலே கொண்டுவரப்பட்ட அக்கப்பலின் தச்சருடைய கருவிகளுள் சீவுளிகளும் இருந்தன. கடற்சேறு மரக்கட்டைகளைக் காத்து வைத்தது. இரும்பை மிகுதியும் அரித்துவிட்டது. கருவியின் எப்பகுதி பிற்காலத்தவர்க்கு எஞ்சவேண்டும் என்பதை அவ்விடங்களில் மண்ணும் நீரும் தீர்மானித்தன. குடும்பத்துள் கைமாறி வரும் சீவுளியைப் பொறுத்தவரை அதனைத் தீர்மானிப்பவன் அதைப் புதுப்பிப்பவனே.

நீண்ட காலம் வரை தச்சன் தன் சீவுளியின் கட்டையைத் தானே செய்துகொண்டான்; கொல்லனிடம் அலகை மட்டும் பெற்றான். இந்நிலை 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனில் மாறத் தொடங்கியது. 1678 முதல் பகுதி பகுதியாகக் கைத்தொழில் நூலொன்றை வெளியிட்ட ஜோசப் மொக்சன், கரடுமுரடான பலகையை முதலில் ஒதுக்கும் சீவுளி, விளிம்புகளை நேராக்கும் நீண்ட சீவுளி, இறுதியில் மினுக்கும் சிறு சீவுளி என அவற்றைத் தொழில்வாரியாகப் பிரித்து விளக்கினார். மொக்சன் தச்சரல்லர், அச்சகத் தொழிலும் தேசப்பட வெளியீடும் செய்தவர். எனினும் தச்சுப்பட்டறையின் வேலைகளை வாசகருக்கு அச்சில் எடுத்துரைத்தோருள் அவர் முன்னோடியாவார். அக்காலத்தை அடுத்து தோமஸ் கிரான்போட், றொபேட் வூடிங் முதலியோர் சீவுளி செய்வதையே தம் முழுத் தொழிலாகக் கொண்டு, தாம் செய்தவற்றில் தம் பெயரை முத்திரையாகப் பதித்தனர். தொழிற்பகுப்பு வளர்ந்ததன் விளைவாகவே கருவியில் பெயர் தோன்றியது என்பது கவனத்துக்குரியது. தன் கட்டையைத் தானே செய்துகொண்ட தச்சன் செய்தவனின் பெயரை அதில் பொறிக்க வேண்டிய தேவை இருந்ததில்லை. விற்பனைக்காகச் செய்யப்பட்ட பொருளே விற்றவனின் பெயரை வேண்டி நின்றது. இம்முத்திரைகளைத் தேடித் தொகுத்து 1968இல் பிரித்தானியச் சீவுளித் தொழிலாளர் பற்றிய நூலை வெளியிட்ட டபிள்யூ. எல். குட்மன், வேறெந்த ஆவணத்திலும் இடம்பெறாத பலரை வரலாற்றினுள் கொண்டுவந்தார். அவர் பயன்படுத்திய மூலச் சான்றுகளுள் முக்கியமானவை பழைய மரக்கட்டைகளே.

உடையவனின் முத்திரைக்கோ காரணம் வேறு. பட்டறைகளில் கூலிக்கு வேலை செய்த தச்சர் தமது கருவிகளைத் தாமே கொண்டுவர வேண்டியிருந்தது. பலர் ஒருங்கு வேலை செய்யும் இடத்தில் ஒருவனது சீவுளி மற்றொருவனது பெட்டிக்குள் சென்றுவிடுதல் எளிது. கருவியை இழந்தவன் வேலையையும் இழந்தான். 1860இல் இங்கிலாந்தில் நிறுவப்பட்ட தச்சர் தொழிற்சங்கமானது வேலையின்மைக்கும் நோய்க்கும் வழங்கியது போலவே கருவி இழப்புக்கும் உதவிப்பணம் வழங்கியமை, அக்காலத் தொழிலாளனின் வாழ்வில் கருவிப்பெட்டி பெற்றிருந்த இடத்தைத் தெளிவாகக் காட்டும். ஆகவே முன்முகத்தில் ஆழமாக அறையப்பட்ட பெயரை அலங்காரமாகக் கருதுதல் பொருந்தாது. அது உடைமைச் சான்றாகும். ஒரே குடும்பப் பெயர் முதலெழுத்து மட்டும் மாறி இருமுறை பதிந்திருக்கும் சீவுளியில், தந்தையிடமிருந்து மகனுக்கு உடைமை மாறிய செய்தியை எவரும் வாசித்தறியலாம். அந்த உடைமை மாற்றத்துக்கு உறுதி எழுதப்படவில்லை, சாட்சி ஒப்பமிடவில்லை.

தந்தை மகனுக்களித்த கருவிகள் அனைத்தும் ஒரே விதிக்கு ஆளாகவில்லை. இங்கிலாந்தின் கென்ற் மாவட்டத்துச் சாதாம் நகரில் வாழ்ந்த பெஞ்சமின் சீற்றன் என்பாருக்கு அவர் தந்தை 1796ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டனின் கேப்ரியல் நிறுவனத்திலிருந்து முழுத் தொகுதிக் கருவிகளை வாங்கிக் கொடுத்தார். மகன் அவற்றுக்கெனப் பெட்டியொன்றைத் தானே செய்து, உள்ளவற்றையெல்லாம் பட்டியலிட்டு எழுதி வைத்தார். பெட்டி, பட்டியல், கருவிகள் யாவும் இன்று றொச்செஸ்ரர் நூதனசாலையில் உள்ளன. 18ஆம் நூற்றாண்டுக் கருவிகள் பற்றிய ஆய்வுக்கு இதனை விஞ்சிய சான்றுத்தொகுதி அரிது. ஆனால் அவை அவ்வளவு சிறப்பாக எஞ்சியதற்குக் காரணம் அவை மிகக் குறைவாகவே பயன்படுத்தப்பட்டமையாகும். என்ன வாங்கப்பட்டது என்பதை அவை துல்லியமாகக் கூறும். ஒரு மனிதன் நாற்பதாண்டு உழைத்ததன் தடத்தை அவற்றிற் காணமுடியாது. தேய்ந்த சீவுளி கூறுவதைத் தேயாத சீவுளி கூறமாட்டாது.

முத்திரை ஒன்றின் வரலாற்றுப் பெறுமதி எத்தகையது என்பதைக் காட்டுதற்கு வட அமெரிக்காவின் மசச்சுசெற்ஸ் பிரதேசத்தில் றென்தம் என்னும் ஊரில் செய்யப்பட்ட சீவுளிகளைக் காட்டிலும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. அங்கு பிரான்சிஸ் நிக்கல்சன் என்பவர் 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சீவுளி செய்து விற்றார். பெயர் பொறித்து விற்ற ஆரம்பகால அமெரிக்கச் சீவுளித் தொழிலாளருள் ஒருவராக அவர் மதிக்கப்படுகின்றார். அவருடைய முத்திரையில் பெயரை அடுத்து ‘றென்தமில் வாழும்’ எனப் பொருள்படும் சொற்களும் இடம்பெற்றன. அவரது பட்டறையில் சீசர் செலோர் என்னும் கறுப்பினத்தவர் ஒருவர் வேலை செய்தார். அவர் நிக்கல்சனின் அடிமை. செலோர் அப்பட்டறையில் செய்தவை நிக்கல்சனின் பெயரிலேயே விற்கப்பட்டன எனக் கருதுதல் நியாயமாகும். உழைப்பு ஒருவருடையதாகவும் முத்திரை மற்றொருவருடையதாகவும் இருப்பதே அடிமைமுறையின் இயல்பு.

1753இல் நிக்கல்சன் இறந்தார். அவருடைய மரணசாதனம் செலோருக்கு விடுதலை அளித்தது. 10 ஏக்கர் நிலமும், வேலை மேசையும், கருவிகளும், மரமும் அவருக்கு விடப்பட்டன. விடுதலை மட்டும் அளிக்கப்பட்டிருப்பின் அவர் பசியோடு தெருவில் நின்றிருக்கக்கூடும். கருவிகளும் சேர்த்து அளிக்கப்பட்டமையாலேயே அவ்விடுதலை வாழ்க்கையாயிற்று. அடிமையாக வைத்திருந்தவரின் பெருந்தன்மையாக இதனைப் புகழ்வோர் உளர். பல்லாண்டு கால உழைப்பின் கடனில் ஒரு பகுதி தாமதமாகத் திருப்பப்பட்டது எனக் கொள்ளுதலே வரலாற்றுணர்வுக்கு ஏற்றது.

அதன் பின்னர் செலோர் தமது சொந்தப் பெயரில் சீவுளிகளைச் செய்தார். அவரது முத்திரையும் பழைய பட்டறை வழக்கையொட்டி ‘றென்தமில் வாழும்’ என்ற சொற்களைத் தாங்கியது. நிக்கல்சனின் கட்டையில் அச்சொற்கள் வெறும் விலாசம். பிறருடைய உடைமைப் பட்டியலில் ஒரு பொருளாக எண்ணப்பட்டிருந்த மனிதர் தம் பெயரின் கீழ் அதே சொற்களை அறையும்போது அவை வேறொரு கனத்தைப் பெறுகின்றன. மசச்சுசெற்ஸின் உயர் நீதிமன்றம் அடிமைமுறை அம்மாநில அரசியல் யாப்புக்கு முரணானது எனக் கொண்டது 1783இலாகும். செலோர் 1784இல் இறந்தார். அதற்கு முந்திய முப்பது ஆண்டுகளும் அவரது பெயர் தச்சரின் கைகளிலும் பெட்டிகளிலும் சென்றுகொண்டிருந்தது. பெயரறியப்பட்ட முதல் ஆபிரிக்க அமெரிக்கச் சீவுளித் தொழிலாளர் என இன்று அவர் கொள்ளப்படுவதற்கு ஆதாரம், மரணசாதனம் முதலிய ஓரிரு ஆவணங்களுடன், மஞ்சள் பேர்ச் மரக்கட்டைகளின் முனையில் எஞ்சிய அந்த எழுத்துகளே. அவற்றுள் எத்தனை கட்டைகளின் முன்முகம் ஏதோவொரு காலத்தில் யாரோ ஒருவரால் ‘சுத்தமாக’ இழைக்கப்பட்டிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

எழுத்துகள் மட்டுமே சான்றல்ல. அக்காலத்து அமெரிக்க உருவச் சீவுளிகள் (பலகை விளிம்பில் அலங்கார வளைவுகளை வெட்டுபவை) ஏறத்தாழ 10 அங்குல நீளமுடையவை. பிற்காலத்தில் 9½ அங்குலம் வழக்காயிற்று. பழையவற்றின் மேல் விளிம்புகள் அகன்ற தட்டையான சரிவாக வெட்டப்பட்டிருக்கும். 19ஆம் நூற்றாண்டில் அவ்விளிம்புகள் உருண்டையாக மாறின. ஆப்பின் தலை வடிவமும் பட்டறைக்குப் பட்டறை வேறுபட்டது. முத்திரை அழிந்த கட்டையையும் இவ்வடையாளங்களைக் கொண்டு இடமும் காலமும் ஓரளவு கணிக்கலாம். கைக்கு இதமாக இருக்கட்டும் என அரத்தாளால் விளிம்புகளை உருட்டிவிடுபவன் அரை நூற்றாண்டு வேறுபாட்டை ஒரு நாழிகையில் அழித்துவிடுகின்றான்.

19ஆம் நூற்றாண்டில் உற்பத்தி உறவுகள் மாறின. நியூ யோர்க் மாநிலத்து ஓபர்ன் சிறைச்சாலையிலும் ஓகையோ மாநிலச் சிறைச்சாலையிலும் கைதிகளின் உழைப்பைக் குத்தகைக்குப் பெற்றுச் சீவுளிகள் செய்விக்கப்பட்டன. குறைந்த கூலிக்குக் கிடைத்த அவ்வுழைப்பு சுதந்திரத் தொழிலாளரின் கூலியையும் தாழ்த்தியது. அச்சீவுளிகளில் நிறுவனத்தின் பெயர் உண்டு. செய்தவன் பெயர் இல்லை. செலோர் வென்றெடுத்த உரிமை, அவர் இறந்து அரை நூற்றாண்டு ஆகுமுன் வேறொரு வகையினருக்கு மறுக்கப்பட்டதெனலாம்.

மரத்தின் இடத்தை இரும்பு பிடிக்கும் போக்கும் இக்காலத்தில் தோன்றியது. ஹசாட் நோல்ஸ் 1827இல் வார்ப்பிரும்புச் சீவுளிக்கு ஆக்கவுரிமை பெற்றார். ஆயினும் இத்துறையில் நிலைத்த மாற்றத்தை உண்டாக்கியவர் நியூ ஹம்ப்சயரில் பிறந்த லெனாட் பெய்லி. 1858, 1867ஆம் ஆண்டுகளில் அவர் பெற்ற ஆக்கவுரிமைகள், அலகைச் சுத்தியலால் தட்டி நகர்த்தும் பழைய முறைக்குப் பதிலாகத் திருகு ஒன்றைச் சுழற்றி மேலும் கீழும் இயக்கும் முறையை நிலைநிறுத்தின. கனெற்றிக்கட் மாநிலத்தின் நியூ பிரிட்டன் நகரிலிருந்த ஸ்ரான்லி நிறுவனம் 1869இல் அவருடைய தொழிலை வாங்கிக்கொண்டது. 1870களின் நடுப்பகுதியில் பெய்லி அந்நிறுவனத்துடன் முரண்பட்டு விலகிப் போட்டியாளரானார், வழக்குகள் தொடர்ந்தன, இறுதியில் அவருடைய புதிய சீவுளிகளையும் ஸ்ரான்லியே வாங்கிற்று. அவர் 1905இல் இறந்தார். அவரோடு நீதிமன்றத்தில் மோதிய நிறுவனமோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து தன் சீவுளிகளின் முன்னுடலில் அவருடைய பெயரை வார்ப்பாகவே இட்டது. பெயரும் ஒரு பண்டமாக வாங்கப்படக்கூடியது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை. அதே உடலை உருக்கி வார்த்த தொழிலாளர் ஒருவரது பெயரேனும் அதில் இல்லை.

இன்று குடும்பங்களிற் கிடைக்கும் பரம்பரைச் சீவுளி பெரும்பாலும் இந்தப் பெய்லி வகையினதே. சிறப்பாக 14 அங்குல நீளமான 5ஆம் இலக்கமும் 9 அங்குல அளவினதான 4ஆம் இலக்கமும் எங்கும் பரவியவை. ஆக்கவுரிமைகள் காலாவதியானபின் ஷெபீல்டின் ரெக்கோட் நிறுவனம் 1931 முதல் அதே அமைப்பில் சீவுளிகளைச் செய்தது. 1930களின் பிற்பகுதியில் ஸ்ரான்லியும் ஷெபீல்டில் உற்பத்தியைத் தொடங்கியது. தொழிற்சாலைப் பொருளாயினும் இவற்றையும் வாசிக்கலாம். அலகைப் பக்கவாட்டில் சரிசெய்யும் சிறு நெம்புகோல் இருப்பின் அது 1885க்கு முந்தியதன்று. அலகைத் தாங்கும் இருக்கையின் பின்னால் உடலில் 1902ஆம் ஆண்டுத் திகதிகள் மட்டும் வார்க்கப்பட்டிருப்பின் ஒரு காலம். 1910ஆம் ஆண்டுத் திகதியும் சேர்ந்திருப்பின் பிறிதொரு காலம். அலகில் இதய வடிவ முத்திரை இருப்பின் அது 1920களையோ 1930களின் முற்பகுதியையோ சார்ந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சீவுளிகளிலோ பித்தளைத் திருகின் இடத்தில் கடின இறப்பரைக் காணலாம். பித்தளை போர்த்தளபாடங்களுக்குச் சென்றது. அழகற்றவை என அவற்றின் இறப்பர்த் திருகுகளைக் கழற்றியெறிந்து, பிறிதொரு சீவுளியின் பித்தளைத் திருகை மாட்டுவோர் உளர். போர்ப் பொருளாதாரம் ஒரு தச்சனின் விரல் நுனி வரை வந்து தொட்டதற்கான சான்று அவ்வாறு குப்பைக்குச் செல்கின்றது.

இவற்றை மனங்கொண்டு நோக்குமிடத்து, புதுப்பித்தலின் நோக்கம் தெளிவாகின்றது. சீவுளி மீண்டும் மரம் சீவ வேண்டும். ஆனால் புதியது போற் காட்சியளிக்க வேண்டியதில்லை. கண்ணாடிப் பேழைக்குள் கறளோடு வைத்தலே தூய்மையான பாதுகாப்பு எனக் கூறுவோரின் கருத்தும் ஏற்புடையதன்று. நூதனசாலைக்குரிய அரும்பொருளுக்கு அது பொருந்தலாம். ஆயிரக்கணக்கில் வார்க்கப்பட்ட 5ஆம் இலக்கச் சீவுளி பயன்பாட்டிலிருந்து நீங்கினால் அதன் பொருளில் பாதியை இழந்துவிடும்.

முதல் வேலை கழற்றுதலன்று, பார்த்தல். உள்ளவாறே படமெடுத்து, சாய்வான வெளிச்சத்தில் முன்முகம், பக்கங்கள், கைபிடி ஆகியவற்றைச் சோதித்தல் வேண்டும். நேர் வெளிச்சத்தில் மறைந்திருக்கும் எழுத்துகள் அவ்வாறு பார்க்கையில் நிழலாய்த் தோன்றும். இரும்புச் சீவுளியின் பக்கத்தில் ஆணி முனையால் கீறப்பட்ட இரண்டெழுத்தே பாட்டனின் கையெழுத்தாக இருக்கக்கூடும். அதன் பின்னரே திருகுகளுக்கு எண்ணெய் விட்டு, பொறுத்திருந்து கழற்றலாம். ஸ்ரான்லியின் பழைய திருகுகள் பொதுச் சந்தையில் கிடைக்காத புரி அளவுடையவை. அவசரத்தில் ஒன்றை முறிப்பவன் அதற்கீடாக மற்றொரு பழைய சீவுளியைக் குலைக்க நேரும்.

கறளிலும் வேறுபாடு உண்டு. செந்நிறமாக உதிரும் கறள் இரும்பைத் தின்றுகொண்டிருக்கும். அது நீக்கப்பட வேண்டியது. கபில நிறத்தில் அல்லது கருமையாக இறுகிப் படிந்த படலம் கைவியர்வையும் எண்ணெயும் காலமும் சேர்ந்து உண்டாக்கியது. அது தீங்கற்றது மட்டுமன்றி ஓரளவு பாதுகாப்பும் தருவது. சுழலும் கம்பித் தூரிகைக்கு இவ்வேறுபாடு தெரியாது. வினாகிரியிலோ சித்திரிக்கமிலக் கரைசலிலோ சிறிது நேரம் ஊறவைத்தல், அல்லது சலவைச் சோடாக் கரைசலில் மின்பகுப்பு முறையால் கறளை இளக்குதல் என்பன கீறலின்றி வேலையை முடிக்கும். மின்பகுப்பில் நேர்மின்வாயாகச் சாதாரண இரும்பையே பயன்படுத்த வேண்டும். கறையில் உருக்கு நச்சுத்தன்மையுள்ள குரோமியச் சேர்வைகளை வெளிவிடும். மேலும், இம்முறை சில வேளைகளில் உடலின் கருமெருகையும் உரித்துவிடும். நிலக்கீலும் ஆளிவிதை எண்ணெயும் தேர்ப்பந்தைலமும் கலந்து சூளையில் சுட்ட அம்மெருகு பாதியேனும் எஞ்சியிருப்பின், அதனை அப்படியே விட்டுத் தேன்மெழுகு பூசுதல் போதுமானது. பளபளக்கும் புதிய வர்ணம் வார்ப்புத் திகதிகளின் பள்ளங்களை நிரப்பிவிடுகின்றது என்பது பலருக்குப் பின்னரே தெரியவருகின்றது.

அடித்தளத்தை மட்டமாக்குதலில் இன்றைய ஆர்வலர் காட்டும் தீவிரம் மிகையானது. கண்ணாடித் தட்டில் ஒட்டிய அரத்தாளின்மேல் மணிக்கணக்காகத் தேய்த்து நூறாண்டுத் தேய்மானம் முழுவதையும் அழித்தால்தான் சீவுளி வேலை செய்யும் என்னும் நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. முன்முனை, வாயின் முன்விளிம்பு, பின்முனை ஆகிய மூன்றும் ஒரே தளத்தில் இருப்பின் போதும். கரட்டு வேலைக்குரிய 5ஆம் இலக்கத்துக்கு அதிலும் சற்று நெகிழ்ச்சி உண்டு. பாட்டன் அந்த ‘கோணலான’ அடித்தளத்தைக் கொண்டுதான் ஒரு வாழ்நாள் வேலையைச் செய்து முடித்தார்.

அலகைப் பொறுத்தவரை தயக்கம் வேண்டியதில்லை. அது தீட்டப்படுவதற்கென்றே படைக்கப்பட்டது. பழைய அலகுகள் பலவற்றில் மென்மையான இரும்பின்மேல் மெல்லிய கடின உருக்குத் தகடு ஒட்டி அடிக்கப்பட்டிருக்கும். வெட்டுமுனையைக் கூர்ந்து பார்த்தால் இரண்டினதும் எல்லைக்கோடு தெரியும். பின்புறத்தை முனையருகே மட்டும் மட்டமாக்கி, சரிவை 25 முதல் 30 பாகையில் தீட்டினால் போதுமானது. அலகின் குறுகிய நீளத்தைக் கண்டு அதனைக் குறைபாடாகக் கருதிப் புதியதை வாங்குவோர், தேய்ந்த ஒவ்வோர் அங்குலமும் எத்தனை நாள் வேலையின் அளவு என்பதை எண்ணுவதில்லை. அதன்மேல் பொருத்தப்படும் மேலலகு மற்றொரு நுட்பம். நாருக்கு எதிராகச் சீவும்போது அலகு மரத்தைப் பிளந்து கிளப்ப முயலும். முனைக்கு மிக அண்மையில், மில்லிமீற்றரின் சிறு பின்னமளவில் அமைந்த மேலலகு சீவலை உடனே மடித்து முறித்து அப்பிளவைத் தடுக்கும். பிலடெல்பியாவின் சாமுவெல் கறதேர்ஸ் 1767இலேயே இரட்டை அலகுச் சீவுளிகளை விளம்பரப்படுத்தியிருந்தார். எனினும் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கைச்சீவுளி வழக்கொழிந்தபோது இதனைச் செம்மையாகப் பொருத்தும் அறிவும் பெருமளவு மங்கியது. பரம்பரைச் சீவுளியுடன் இருப்பு மட்டும் வந்து, பயிற்சி வராமற் போனதன் விளைவு இது.

கைபிடி தனியே குறிப்பிடத்தக்கது. பழைய ஸ்ரான்லிச் சீவுளிகளின் கைபிடி பிரேசில் நாட்டுக் கருங்காலி போன்ற றோஸ்வூட் மரத்தாலானது. அம்மரம் அழிவை எதிர்நோக்கியமையால் 1992 முதல் அதன் சர்வதேச வர்த்தகம் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆகவே மேல்நுனி உடைந்த கைபிடியை எறிந்துவிட்டு அதே மரத்தில் புதியது செய்தல் எளிதன்று. உடைந்த இடத்தைச் சீராக்கி ஒத்த நிறமுள்ள துண்டொன்றை ஒட்டுதலே உரிய வழி. உள்ளங்கை பட்டுத் தேய்ந்த இடத்திலோ அரத்தாள் படவே கூடாது. இடக்கையனா வலக்கையனா, சுட்டுவிரலை நீட்டிப் பிடித்தவனா என்பது வரை அத்தேய்மானம் கூறும்.

மரச் சீவுளியில் நிலைமை சற்றுச் சிக்கலானது. அடித்தளம் தேயத் தேய அதனை மீண்டும் மட்டமாக இழைக்க நேரிடும். இழைக்க இழைக்க வாய் அகலும். வாய் அகன்ற சீவுளி நுண்ணிய சீவல் தராது. எனவே பழைய தச்சர் வாயின் முன்னால் கடின மரத்துண்டொன்றைப் பதித்து அதனை மீண்டும் ஒடுக்கினர். அத்தகைய ஒட்டு ஏற்கெனவே இருக்குமாயின் அதனை அகற்றிவிட்டு ‘மூல வடிவத்துக்கு’ மீட்க முனைதல் தவறு. எது மூலம்? பட்டறையை விட்டு வெளியேறிய நாள் மட்டும் அச்சீவுளியின் வரலாறாகாது. ஒட்டுப்போட்டவனும் உடையவர்களுள் ஒருவன். பெரும்பாலும் முன்முகத்திலுள்ள இரண்டாவது பெயருக்குரியவன். புதிய ஒட்டுத் தேவைப்படின் அதனைப் பழமை போலச் சாயமிட்டு மறைக்காது, இன்றைய வேலை என்று அறியத்தக்கவாறே விடுதல் நேர்மையானது.

இறுதியாக ஒரு சர்ச்சை உண்டு. புதுப்பித்த வாரிசு தன் பெயரையும் முன்முகத்தில் அறையலாமா? பழம்பொருளைச் சேதப்படுத்தல் ஆகும் என்பது சேகரிப்பாளரின் வாதம். செலோரின் முத்திரை உள்ள கட்டையில் அது மறுக்கமுடியாத வாதம். சாதாரண குடும்பச் சீவுளியில், தந்தையின் பெயருக்குக் கீழ் மகன் பெயரை அறைந்த வழக்கம் அக்கருவியின் வரலாற்றிலேயே உள்ளது. அவ்வாறு அறைந்தவர்கள் அதனைத் தினமும் வேலைக்கு எடுத்துச் சென்றவர்கள். அதனைக் கொண்டு வேலை செய்பவனுக்கு அவ்வுரிமை இன்றும் உண்டு. அலுமாரியின் மேல் அழகுக்கு வைப்பவனுக்கு இல்லை.